போட்டோக்கொப்பியில் எழுதிய வரலாறு

பேர்லினில் இளைஞர் பண்பாடுகளுக்கென்றே ஓர் ஆவணக்காப்பகம் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கில் ஸைன்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஸைன் என்றால் கையால் எழுதி, வெட்டி ஒட்டி, போட்டோக்கொப்பி எடுத்து, ஸ்ரேப்ளர் அடித்துக் கைமாற்றும் சின்னப் புத்தகம். பதிப்பகமோ விளம்பரமோ கிடையாது. யாரும் திருத்தித் தரவும் மாட்டார்கள்.

பெண்ணிய ஸைன் என்றால் எல்லோரும் தொடங்குவது 1991 இல். அமெரிக்காவின் ஒலிம்பியா நகரிலும் வாஷிங்டன் டிசியிலும் பங்க் இசையில் இருந்த இளம்பெண்கள், மேடையிலும் பத்திரிகையிலும் தங்களுக்கு இடமில்லை என்று கண்டு தாங்களே எழுதி அச்சடித்தார்கள். ரயட் கேர்ள் என்று அதற்குப் பெயர் வந்தது. 2000 இல் அதே ஒலிம்பியாவில் முதல் லேடிஃபெஸ்ட் நடந்தது. பாட்டு, பட்டறை, சமையல், ஒலியமைப்பு எல்லாமே பெண்கள் முன்னின்று செய்த விழா அது. சில வருடங்களில் அந்த வழக்கம் ஹம்பேர்க்குக்கும் பேர்லினுக்கும் வந்து சேர்ந்தது.

மேற்கு ஜேர்மனிப் பெண்களுக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. 1976 இல் மேற்கு பேர்லினில் ‘கூராஜ்’ என்ற பெண்கள் பத்திரிகையை ஒரு குழு தொடங்கியது. அடுத்த வருடம் கேர்ல்னிலிருந்து ‘எம்மா’ வந்தது. 1986 இல் கறுப்பு ஜேர்மன் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி ‘ஃபார்பே பெக்கென்னன்’ என்ற நூலைக் கொண்டுவந்தார்கள்.

இதுவரை சொன்னதை நீங்கள் ஜேர்மன் மொழியிலேயே தேடி வாசிக்கலாம். அந்தத் தேடலில் அநேகமாகக் கிடைக்காத பகுதி ஒன்று இருக்கிறது. அது எங்கள் அம்மாமாரின் வயதுப் பெண்கள் தமிழில் செய்தது.

1983 ஜூலைக்குப் பிறகு ஏராளமான ஈழத்தமிழர் இங்கே வந்தார்கள். பலர் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்தவர்கள். அகதி விண்ணப்பம் கொடுத்ததும் ஹைம் வாழ்க்கை தொடங்கியது. வேலை செய்யத் தடை இருந்தது. தங்கியிருக்கும் மாவட்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து நகரத்துக் கூட்டத்துக்குப் போவதும் சட்டமீறலாகலாம்.

அந்த நிலையிலும் மனிதர்கள் சந்தித்தார்கள். 1988 இல் ரூர் பிரதேசத்தின் ஹேர்ண நகரில் முதல் இலக்கியச் சந்திப்பு நடந்தது. அதே வருடம் டோர்ட்முண்டிலிருந்து ‘தூண்டில்’ வரத் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து, 1990 இல், அதே ஹேர்ணயில் தமிழ்ப் பெண்கள் தனியாகக் கூடினார்கள். அதற்குப் பெயர் ‘பெண்கள் சந்திப்பு’. ரயட் கேர்ள் என்ற பெயர் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பு!

பெண்கள் சந்திப்பு பின்னர் சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, லண்டன், கனடா என்று நாடு நாடாக நகர்ந்தது. சந்திப்பு மலர்களும் வெளிவந்தன. தனியாகச் சஞ்சிகைகளும் வந்தன: ஜேர்மனியில் ‘நமது குரல்’, ‘ஊதா’, பிரான்சில் ‘கண்’, நோர்வேயில் ‘சக்தி’. புகலிடப் பெண்களின் கவிதைகள் 1992 இல் ‘மறையாத மறுபாதி’ என்ற தொகுப்பாயின.

அந்தக் காலத்தில் ஜேர்மனியில் தமிழ்த் தட்டச்சு யாரிடம் இருக்கும்? அதனால் புகலிடத்தின் ஆரம்பச் சஞ்சிகைகள் பல கையெழுத்துப் பிரதிகளாகவே இருந்தன. அழகான கையெழுத்து உள்ள ஒருவர் முழுவதையும் எழுதுவார். பிறகு போட்டோக்கொப்பி, தபால்தலை, முகவரிப் பட்டியல். காசு கைச்செலவிலிருந்து போகும். அதனால்தான் பல சஞ்சிகைகள் சில இதழ்களோடு நின்றன.

எழுதியது என்ன? சீதனம், வீட்டு வன்முறை, சாதி, சாமத்தியச் சடங்கு. விமானமேறி வந்தபின் முகமே தெரியாத ஒருவருக்கு மனைவியாவது. ‘இதையெல்லாம் வெளியில் கதைக்கிறதோ?’ என்று கேட்கும் சமூகத்துக்குள் இருந்துகொண்டு கதைத்தார்கள்.

ஆபத்தும் இருந்தது. இந்த மரபின் வேர் யாழ்ப்பாணத்தில். 1986 இல் அங்கே பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. பத்துப் பெண்கள், இருபத்துநான்கு கவிதைகள். அதில் எழுதியவர்களில் ஒருவர் செல்வி. யாழ் பல்கலைக்கழக மாணவி, ‘தோழி’ என்ற பெண்கள் இதழின் ஆசிரியர். 1991 ஓகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. போரையும் எல்லா ஆயுதக்காரரையும் கேள்வி கேட்ட மருத்துவப் பேராசிரியர் ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இந்தச் செய்திகளெல்லாம் ஐரோப்பாவுக்கும் வந்தன. அதற்குப் பிறகும் இங்கே பெண்கள் எழுதினார்கள், சிலர் புனைபெயரில், சிலர் சொந்தப் பெயரில்.

2002 இல் ‘ஊடறு’ என்ற தொகுப்பு வந்தது. பிறகு அதே பெயரில் ஓர் இணையத்தளமும் வந்தது. ஆக, போட்டோக்கொப்பி போய் இணையம் வந்தபோதும் வேலை நிற்கவில்லை.

நான் வேலையில் ஒவ்வொரு நாளும் சொல்லும் ஒரு விதி உண்டு: ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் தரவு, தொலையப்போகிற தரவு. இருநூறு பிரதி அடித்த கையெழுத்துச் சஞ்சிகைக்கும் அதேதான். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை ஸ்கான் செய்து இணையத்தில் இலவசமாக வைக்கிறது. புகலிடச் சஞ்சிகைகள் பலவும் அங்கே இருக்கின்றன. ஆனால் எல்லா இதழ்களும் அங்கே போய்ச் சேரவில்லை. எத்தனையோ கெல்லர்களில், வீடு மாறும்போது பேப்பர் தொட்டிக்குள் போகக் காத்திருக்கின்றன.

உங்களில் சிலர் ஸைன் செய்கிறீர்கள், ஜேர்மனில், தமிழில், இரண்டும் கலந்து. எனக்கு அது நல்ல சந்தோஷம். ஆனால் ‘தமிழ்ப் பெண்களில் நாங்கள்தான் முதல்’ என்று அட்டையில் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவிடம், மாமியிடம், பக்கத்து வீட்டு அன்ரியிடம் கேளுங்கள்: ‘அந்தக் காலத்தில் நீங்கள் ஏதும் எழுதினீங்களா? ஆரும் எழுதினதை வாசிச்சீங்களா?’ பதில் வர நேரம் எடுக்கும். தேத்தண்ணி ஊற்றிக் குடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து கேளுங்கள்.