சித்திரபுரத்தில் ஒரு பழைய வீடு

ரெண்டு வாரம் முன்னாடி மச்சினன் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பியிருந்தான். கல்லுச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, முற்றத்தில் ஒரு பலாமரம், பின்னால் மேடு. கீழே ஒரு வரி: "மச்சான், சித்திரபுரத்துல விலைக்கு வருது. கொஞ்சம் ரிப்பேர் பண்ணா ஹோம்ஸ்டே ஆக்கிடலாம். பாதிப் பணம் நீங்க போடுறீங்களா?"

படத்தைப் பார்த்ததும் அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. நான் பிறந்து வளர்ந்தது அந்தச் சித்திரபுரத்தில்தான். தாத்தா போடியிலிருந்து மலையேறி பள்ளிவாசல் மின்திட்ட வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலை. இரண்டு தலைமுறை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரிடையர் ஆன வருஷம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு செங்கல் கூட சொந்தமில்லை. அதனால் ஆசை இருக்கிறது. ஆனால் இருபது வருஷம் கடன் ஃபைல் பார்த்த கண்ணுக்கு வீடு தெரிவதற்கு முன்னால் பத்திரம்தான் தெரிகிறது. என்ன செய்ய!

சரி, விஷயத்துக்கு வருவோம். மூணாறுப் பக்கம் பழைய வீடு வாங்குவது ஏன் மதுரையிலோ கோவையிலோ வாங்குவது மாதிரி இல்லை என்பதற்கு 1877-க்குப் போகவேண்டும். அந்த வருஷம் பூஞ்ஞாறு ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு விட்டார். வருஷத்துக்கு 3,000 ரூபாய் குத்தகை, 5,000 ரூபாய் டெபாசிட். பரப்பளவு சுமார் 227 சதுர மைல்! அதன்மேல் சங்கம் வந்தது, 1897-ல் கம்பெனி வந்தது, தேயிலை வந்தது, தேயிலையோடு நம்ம ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது லயம். வரிசை வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதோடு போயிற்று. மாங்குளம் வழியாக இருந்த பழைய சாலையும் போயிற்று. பிறகு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச்சாலை போட்டார்கள். நேரியமங்கலம் பாலம் திறந்தது 1935-ல். நாம் இன்று கொச்சியிலிருந்து டாக்ஸியில் வாந்தியெடுத்துக்கொண்டே ஏறுகிறோமே, அந்த வழிதான்.

சாலைக்குப் பின்னால் மின்சாரம். முதிரப்புழைத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கொண்டுவந்து, மலைச்சரிவில் குழாய் பதித்துக் கீழே இறக்கி, 1940 மார்ச்சில் பள்ளிவாசல் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலம். ஊருக்குப் பெயரும் அன்றைய திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளை வைத்து வந்ததுதான். அந்தக் குழாயைத் தூக்கிய தோள்களில் என் தாத்தாவுடையதும் ஒன்று என்று பாட்டி சொல்லிக்கொண்டிருப்பாள். ஆலுவாத் தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் போனது, எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

ஆக, தோட்டத்தில் கம்பெனி வீடு, திட்டத்தில் சர்க்கார் வீடு. இதற்கு நடுவில் கடை வைத்தவர்கள், ஏலம் போட்டவர்கள், சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் கைப்பற்றி வைத்திருந்த துண்டு நிலங்கள். இந்தத் துண்டுகள்தான் இன்று விலைக்கு வருகின்றன.

1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு கண்ணன் தேவன் நிலத்தை எடுத்துக்கொண்டது. மறு வருஷமே உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அப்புறம் சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தார்கள். மிச்சம் அரசு நிலம். எது அரசு நிலம், எது பட்டா நிலம் என்ற குழப்பத்தில் ரிசார்ட்டுகள் முளைத்தன. 2007-ல் அப்போதைய முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பி ஜே.சி.பி. வைத்து இடித்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். நான் இங்கே துபாயில் ஏஷியாநெட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் 'ரவீந்திரன் பட்டா' என்ற வார்த்தை ஊரெல்லாம் பரவியது. 1999-ல் தேவிகுளம் தாலுகாவில் கூடுதல் தாசில்தார் பொறுப்பில் இருந்தவர் கையெழுத்திட்ட 530 பட்டாக்கள். பட்டா கொடுக்க அவருக்கு முறைப்படி அதிகாரம் இல்லை என்பது அரசின் வாதம். 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய உத்தரவு வந்தது. வாங்கியவர்களில் சாதாரண ஜனங்களும் நிறையப் பேர். இருபது வருஷத்துக்கு மேல் வரி கட்டியிருப்பார்கள், கடன் கூட வாங்கியிருப்பார்கள். அந்தப் பட்டாவை நம்பி யாரோ ஒரு மேனேஜர் கையெழுத்துப் போட்டிருப்பார் இல்லையா? எனக்கு அவரை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஏலமலைக் கதை இன்னும் விசேஷம். 1897 அறிவிப்பில் இருந்தது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று ஒரு 'இரண்டு' வைத்து வழக்கு! 2024 அக்டோபரில் அந்தப் பகுதியில் புதிய பட்டா கொடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

நல்ல பட்டாவாகவே இருக்கட்டும். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது முக்கியம். 1964 விதிகளின்படி கொடுத்தது விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும். 1977-க்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்கு 1993 விதிகளில் தனிப் பட்டா. இரண்டிலும் ஹோம்ஸ்டே என்று ஒரு வார்த்தை கிடையாது. 2010-ல் உயர் நீதிமன்றம் மூணாறு வட்டாரத்தில் வருவாய்த்துறை என்.ஓ.சி. இல்லாமல் கட்டக்கூடாது என்று சொன்ன பிறகு எத்தனையோ பேர் அஸ்திவாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். பட்டா நிலத்தில் வேறு உபயோகத்துக்குக் கட்டியதை முறைப்படுத்த 2023-ல் சட்டசபை திருத்தம் நிறைவேற்றியது, கவர்னர் கையெழுத்து 2024-ல். அதை நம்பி இன்றைக்குப் பணத்தைக் கொட்டலாமா என்றால், நான் கொட்டமாட்டேன்.

இதில் நம்மைப் போன்ற வெளிநாட்டுவாசிகளுக்கு இன்னொரு முடிச்சு உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஃபெமா விதிப்படி என்.ஆர்.ஐ. வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக்கூடாது. வாரிசாக வந்தால் சரி, விலைக்கு வாங்கினால் தப்பு. மலையில் பழைய வீடு என்றால் அதோடு முக்கால் ஏக்கர் ஏலமோ காப்பியோ ஒட்டிக்கொண்டுதான் வரும். ரெவின்யூ கணக்கில் அது என்னவென்று எழுதியிருக்கிறது? தம்பி பேரில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். பினாமிச் சட்டத்தை அவர் சொல்லமாட்டார்.

வீட்டைப் பற்றியும் சொல்கிறேன். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரைச் சிமெண்ட் பூசி மூடினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உட்பக்கம் உரியும், சுண்ணாம்பே பூசவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், அறுக்காமல் முழுசாகக் கழற்றவேண்டும், தூசி நுரையீரலுக்கு எமன். தகரத்தில் மழை அடித்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது (எனக்கு அதுதான் தாலாட்டு!). இதெல்லாம் காசு கொடுத்தால் சரியாகும். படத்தில் எனக்குப் பயமாக இருந்தது பின்னால் இருந்த மேடு. புதிதாக வெட்டின சிவப்பு மண், தடுப்புச்சுவர் இல்லை, தண்ணீர் வெளியேற ஓடை இல்லை. 2018 ஆகஸ்டில் பள்ளிவாசல், மூணாறுப் பக்கமெல்லாம் மண் சரிந்து சாலை துண்டானது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்களோடு போனவர்கள் 70 பேர். கயத்தாறு பக்கத்துச் சொந்தங்கள் அங்கே உண்டு, எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி இன்னும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

மச்சினனிடம் நாலு காகிதம் கேட்டேன்: பட்டா நகல், எந்த விதியில் எந்த வருஷம் கொடுத்தது, முப்பது வருஷ வில்லங்கம், தண்டப்பேர் கணக்கு. கூடவே வில்லேஜ் ஆபீஸில் நேரில் போய் நிலத்தின் வகையைப் பார்த்துவரச் சொன்னேன். புரோக்கர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சாரே, முதல்ல அட்வான்ஸ் போடுங்க, தமிழ்நாட்டுப் பார்ட்டி ஒண்ணு நாளைக்கு வருது" என்றாராம்.

நேற்று பட்டா நகல் வந்தது. வருஷம் 1999 இல்லை, அதுவரை நிம்மதி. 1993 விதியில் கொடுத்தது. ஆனால் நோக்கம் என்ற இடத்தில் எழுத்து மங்கியிருக்கிறது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். ஒரிஜினல் பார்க்காமல் அட்வான்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மச்சினனுக்குக் கோபம். டிசம்பரில் லீவு போட்டிருக்கிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறாள். அவளுக்கு வீடு பார்க்கவேண்டாமாம், குவார்ட்டர்ஸ் வாசலில் நட்ட கொய்யா இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.