கன்னியாகுமரியும் சுற்றுப்புறக் காட்சியிடங்களும்

கன்னியாகுமரி, இந்தியப் பெருநிலத்தின் தென்கோடியில் உள்ள கடற்கரை ஊர். திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தபோது, இவ்வூரின் பெயரிலேயே மாவட்டம் அமைந்தது. இவற்றுள் முதலிரண்டு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. வருகிறவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் சூரியோதயம், பிறகு படகு, சங்குக்கடை, மாலையில் அஸ்தமனம் என்று முனையிலேயே ஒரு நாளை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஆனால் மாவட்டத்தின் அரிய இடங்கள் பலவும் அங்கிருந்து மேற்கிலும் வடமேற்கிலும் சுமார் 60 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

கடல்முனை

கரைக்குச் சற்று அப்பால் கடலில் இரண்டு பாறைகள். பெரியது ஸ்ரீபாதப் பாறை. குமரித் தெய்வம் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் இங்கே தியானம் செய்தார். ஏக்நாத் ரானடேயின் முயற்சியில் எழுந்த நினைவு மண்டபத்தைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி 1970 செப்டம்பர் 2 அன்று திறந்துவைத்தார். பக்கத்துப் பாறையில் வை.கணபதி ஸ்தபதி உருவாக்கிய திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமாக 95 அடிச் சிலை என்பது கணக்கு. நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் சீறினாலோ வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. மண்டபத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து அந்தக் குறை பெருமளவு நீங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாறையில் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளை மீட்டதில் மீனவர்களின் பங்கு பெரிது.

கரையில் பகவதி அம்மன் கோயில். சுசீந்திரத்து இறைவனுக்கும் குமரிக்கும் நடக்கவிருந்த திருமணம், நாரதர் சேவலாகக் கூவி விடிந்துவிட்டதாக நம்பவைத்ததால் நின்றுபோனது என்றும், விருந்துக்கு வைத்திருந்த அரிசி மணலாகிவிட்டது என்றும் கதை. கரையின் சிவப்பு, கறுப்பு மணலுக்கு நிலவியல் தரும் விளக்கம் கார்னெட், இல்மனைட் முதலிய கனிமங்கள். மணவாளக்குறிச்சியில் இவை தொழில்முறையில் பிரித்தெடுக்கப்படுகின்றன. காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று நண்பகல் வெயில், அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். சூரியன் வடக்கே சாயும் கோடை மாதங்களில் முனையிலிருந்து பார்த்தால் அஸ்தமனம் கரைப்பக்கம் ஒதுங்கிவிடும். கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க மார்கழி, தை ஏற்றவை.

உள்நாடு

நாகர்கோவில் செல்லும் வழியில் உள்ள சுசீந்திரம், சிவன், திருமால், பிரம்மன் மூவரும் தாணுமாலயனாக ஒன்றான தலம். ஏழுநிலைக் கோபுரம், ஒரே கல்லில் செதுக்கிய 18 அடி அனுமன், தட்டினால் வெவ்வேறு சுரம் எழும் இசைத்தூண்கள் இங்கே காணத்தக்கவை. தமிழகத்துச் சிற்பமும் கேரளத்து வழிபாட்டு முறையும் கலந்த கோயில் என்பதே இதன் தனிச்சிறப்பு.

அந்தக் கலப்பின் உச்சம் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை வேணாட்டு, திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட இடம். கல்லைவிட மரமே ஆட்சிசெய்யும் கட்டடம்: தாய்க்கொட்டாரத்தின் செதுக்குத் தூண், காற்றும் வெளிச்சமும் அளந்து விழும் மந்திரசாலை, நூற்றுக்கணக்கானோர் ஒரே பந்தியில் உண்ட ஊட்டுப்புரை, முகம் தெரியும் கருந்தரை. நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் இங்குள்ள சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் சென்று திரும்புவார்கள். மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் உண்டு என்றால், பாறைகளை விட்டுவிட்டு இந்த அரண்மனைக்குப் போவதே சரி.

அருகில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தார். 1777இல் மறைந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள் லத்தீன், தமிழ் எழுத்துகளுடன் இருக்கிறது. முனைக்கு வடகிழக்கே கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டையும் அவர் கைபட்டதே.

குலசேகரம் பக்கம் போனால் நீரின் நாடு. கோதையாற்றில் திற்பரப்பு அருவி. மேலே 1906இல் கட்டிமுடித்த பேச்சிப்பாறை அணை. மாத்தூரில் பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்களில் செல்லும் தொட்டிப்பாலம் 1966இல் அமைந்தது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய பாசனப் பாலம் இது. இன்று வேடிக்கை பார்க்க வருபவர்களே அதிகம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தது. சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக நிற்கும் சமணக் குடைவரை, பிற்காலத்தில் பகவதி கோயிலானது. ஏறுவழி எளிது, கூட்டமும் குறைவு.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெறும் மாவட்டம் ஆதலால் அருவிகள் ஆண்டின் பெரும்பகுதி வற்றுவதில்லை. வெள்ளம் மிகுந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை விதிப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.