பூனைக்கு வாடகை வீட்டில் இடம் உண்டா?



தொடக்கநிலை நான்கில் 'என் வளர்ப்புப் பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புத்தான். முயல், ஆமை, தங்கமீன் எனப் பிள்ளைகள் எழுதுவர். வீட்டில் எந்தப் பிராணியும் இல்லாத பிள்ளைகள் ஒரு நாயைக் கற்பனை செய்துகொண்டு எழுதுவர். அந்த நாய் எப்போதும் ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்துவிடும். இம்முறை ஒரு மாணவி தன் ஏட்டை என்னிடம் தந்துவிட்டு, "இதை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம் ஐயா" என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

படித்துப் பார்த்தேன். அவள் வளர்ப்பது பூனை. குடும்பம் இருப்பது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்வையிடுவார். அன்று மட்டும் பூனை ஒரு கூடையில் ஏறிப் பக்கத்து புளோக்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடும். கூடைக்குள் அது கத்தாமல் இருப்பதற்காக நெத்திலி போடுவார்களாம். கட்டுரையில் மிகச் சிறந்த பகுதி அதுதான். அதைத்தான் வாசிக்கக் கூடாது என்கிறாள்.

பிறர்க்குச் சொந்தமான வீட்டில் குடியிருப்பவர் ஒரு விலங்கை வைத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி நம் ஊரில் எப்போது தோன்றியது, அதற்கு யார் யார் என்னென்ன விடை சொன்னார்கள் என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

நம்மவர்க்கு நன்கு தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். தேக்கா சந்தையை ஒட்டி ஓடும் சாலைக்கு 'பஃபலோ ரோடு' என்று பெயர். அருகில் 'கெர்பாவ் ரோடு' இருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. கேகே மருத்துவமனை என்று நாம் சுருக்கிச் சொல்வதன் விரிவு 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம். நம் பிள்ளைகளில் பலர் பிறந்த மருத்துவமனையின் பெயரே ஒரு தொழுவத்தின் பெயர் என்றால் வகுப்பில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நீரும் புல்லும் இருந்தன. அதனால் கால்நடை வணிகம் அங்கே தழைத்தது. அதைச் சார்ந்து இந்தியர் குடியேற்றமும் பெருகியது. மாடு இருந்த இடத்தில் மனிதர் வீடு கட்டினர் எனலாம். பொங்கல் காலத்தில் கேம்பல் லேனில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டி, நம் மாணவர்களுக்குக் காட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருகாலத்தில் அவற்றைக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லாத இடம் அது.

நகரத்தை விட்டு வெளியே வந்தால் கம்பம். அத்தாப்பு வீட்டைச் சுற்றிக் கோழி, வாத்து. சீனர் கம்பங்களில் பன்றி. எங்கும் பூனை, நாய். அக்காலத்தில் யாரும் 'வளர்ப்புப் பிராணி' என்று தனியே ஒரு சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். கோழி முட்டைக்கு, நாய் காவலுக்கு, பூனை எலிக்கு.

1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அடுக்குமாடிகள் விரைந்து எழுந்தன; முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் இவை வாடகை வீடுகள். 1964இல்தான் வீட்டுரிமைத் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேமநிதியைப் பயன்படுத்தி வாங்கும் வசதி வந்தது. அவ்வாறு வாங்கியதும்கூட 99 ஆண்டுக் குத்தகையே. ஆகவே வீவக வீட்டின் 'சொந்தக்காரர்' என்று நாம் அழைப்பவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவகைக் குத்தகையாளர். பின்னர் வரப்போகும் பூனைக் கதைக்கு இது முக்கியம்.

கம்பத்தை விட்டு மாடிக்கு ஏறியவர்கள் தம் விலங்குகளையும் அழைத்துக்கொண்டுதான் ஏறினர். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்பின் இரண்டாம் பாகத்தில் இதை எழுதியிருக்கிறார். சிலர் பன்றிகளைப் படிக்கட்டில் ஏற்ற முயன்றனராம். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் ஓல்டு ஏர்போர்ட் ரோட்டு வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு டஜன் கோழிகளையும் வாத்துகளையும் கூடவே கொண்டுவந்தது. அவை கூடத்துக்கு வராதபடி தாயார் சமையலறை வாசலில் மரக்கதவு ஒன்று போட்டார். பிள்ளைகள் மாலையில் கீழே இறங்கிப் புல்தரையில் புழு பூச்சி தேடி வருவார்கள். பத்தாண்டுகள் அப்படியே ஓடின. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாயாரின் மரக்கதவு என் நினைவில் நிற்கிறது. விலங்கையும் விடவில்லை, கூடத்தையும் அசுத்தமாக்கவில்லை. ஒரு கதவில் தீர்வு கண்டிருக்கிறார்.

இங்கே ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து ஒரு நிமிடம் மலாயாத் தோட்டங்களுக்குச் செல்ல வேண்டும். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டியர் அங்கிருந்து வந்தவர்கள். இரப்பர் தோட்டத்து லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. ஆனால் லயத்துக்குப் பின்புறம் மாட்டுக்கொட்டகை இருந்தது, ஆடு இருந்தது, கோழிக்கூடு இருந்தது. விடியலில் பால்மரம் வெட்டச் சென்று திரும்பியவர் மாலையில் புல்லறுக்கச் சென்றார். கறவை மாடுதான் அக்குடும்பத்தின் சேமிப்பு. மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ கன்றை விற்றார்கள். பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டும் மறைந்தபோது, மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போன குடும்பங்கள் மாட்டைக் கொண்டுசெல்ல முடியவில்லை. இழப்பீடு பற்றிப் பேசுவோர் வேலையையும் வீட்டையும் கணக்கிடுவர். மாட்டைக் கணக்கிடுவோர் குறைவு. உரிமை சிறிதும் இல்லாத வீட்டில் மாட்டுக்கு இடமிருந்தது, 99 ஆண்டு உரிமையுள்ள வீட்டில் பூனைக்கு இல்லாமற்போனது என்பதை எண்ணும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1989இல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை வந்தது. நாயைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றை, வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அப்பட்டியலில் 62 இனங்கள் இருந்தன. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். பூனையைத் தடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்: அதை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம், வெளியே திரியும், பொது இடத்தை அசுத்தப்படுத்தும், உரோமம் உதிர்க்கும், இரவில் கத்தும். இக்காரணங்களை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரே தாழ்வாரத்தில் பல குடும்பங்கள், திறந்த வாசல், கம்பியில்லாத சன்னல் என்றிருந்த காலத்தில் பூனை அண்டை வீட்டு மீனைத் தூக்கிச் செல்வது சிறு சிக்கலன்று. ஆயினும் விடாமல் குரைக்கும் குட்டி நாய்க்கு அனுமதி, தூங்கிக்கொண்டிருக்கும் பூனைக்குத் தடை என்பதை என் மாணவர்களுக்கு விளக்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். வெளிநாட்டு இனங்கள் நிறைந்த அந்தப் பட்டியலில் நம் கம்பத்து நாய்க்கும் இடமில்லை. 2012இல் 'அடோர்' திட்டம் வந்த பிறகே, நிபந்தனைகளோடு, உள்ளூர்க் கலப்பின நாய்க்கு வீவக வீட்டின் கதவு திறந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தடை வந்து ஓரிரு ஆண்டுகளுக்குள், 1990களின் தொடக்கத்தில், சுற்றுப்பயணத் துறையினர் 'சிங்கப்பூரா' என்னும் பூனை இனத்தை நாட்டின் சின்னம்போல் விளம்பரப்படுத்தினர். 'குச்சிந்தா' என்று பெயரும் சூட்டினர். குச்சிங் என்னும் பூனையையும் சிந்தா என்னும் அன்பையும் இணைத்த மலாய்ப் பெயர். ஆற்றங்கரையில் கேவனா பாலத்தருகே இன்றும் வெண்கலப் பூனைகள் அமர்ந்திருக்கின்றன. வடிகால் பூனை என்று அழைக்கப்பட்ட இனம் சுற்றுப்பயணிகளை வரவேற்கலாம். மக்களில் பெரும்பாலோர் வாழும் வீவக வீட்டுக்குள் மட்டும் வரக்கூடாது.

தடை இருந்தது என்பதால் பூனை இல்லாமற்போய்விடவில்லை. பெரும்பாலும் அண்டை வீட்டார் புகார் செய்தால்தான் நடவடிக்கை. எனவே பூனையின் விதியை எழுதியவர் அதிகாரியைவிட எதிர்வீட்டுக்காரரே. நல்ல அயலார் வாய்த்தால் பூனை பதினைந்து ஆண்டு வாழும். மனத்தாங்கல் ஏற்பட்டால் முதலில் வெளியேறுவது பூனைதான். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது நிலைமை கடுமையாயிற்று. தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் அரசுத் திட்டம் நிறுத்தப்பட்டது. பூனைகளைப் பிடித்துக் கொல்வதும் அதிகரித்தது. 1999இல் தோன்றியிருந்த பூனை நலச் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டூழியர்களும் கருத்தடைப் பணியைத் தொடர்ந்தனர். 2012 அக்டோபரில் சோங் பாங் வட்டாரத்தில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது: பதிவு, நுண்சில்லு, கருத்தடை ஆகியவற்றைச் செய்துகொண்டால் வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம். அப்போது சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் நீ சூன் குழுத்தொகுதிக்குள் அமைந்த வட்டாரம் அது. நோய், அச்சம், தடை, சோதனை எனப் பத்தாண்டு நகர்ந்த கதையை நான் இங்கே சில வரிகளில் சுருக்கிவிட்டேன். அந்நாள்களில் படிக்கட்டின் அடியில் பூனைக்குச் சோறு வைத்த மூதாட்டிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

2022இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 2024 செப்டம்பர் 1 முதல், 35 ஆண்டுக்காலத் தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் வேண்டும், நுண்சில்லு வேண்டும், முதன்முறை விண்ணப்பிப்போர் இணையத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும், பூனை வெளியே விழாதபடி சன்னலுக்கு வலை போன்ற தடுப்பு வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை இரண்டாண்டு மாற்றக்காலம் வகுக்கப்பட்டது. அதற்குள் உரிமம் பெற்றால், ஏற்கெனவே வளர்த்துவந்த கூடுதல் பூனைகளையும் கைவிட வேண்டியதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடை செய்ய உதவியும் உண்டு. வலை, உரிமம், பாடம் ஆகியவற்றைப் பார்த்தால் ஓல்டு ஏர்போர்ட் ரோட்டுத் தாயாரின் மரக்கதவுதான் நினைவுக்கு வருகிறது. அவர் அன்று தாமாகச் செய்ததை நாம் விதியாக எழுத இத்தனை ஆண்டு ஆயிற்று.

என் மாணவியின் கதை இத்துடன் முடிந்துவிடும் என்று நானும் எண்ணினேன். முடியவில்லை. அரசு அனுமதித்துவிட்டது என்பதால் வீட்டுக்காரரும் அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றிப் பிராணி எதுவும் வளர்க்கக் கூடாது. வீட்டு விளம்பரங்களில் 'குறைவாகவே சமைக்கலாம்', 'பிராணி கூடாது' என்னும் இரண்டும் அருகருகே வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் குழம்பும் பூனையும் ஒரே வரியில் தடைசெய்யப்படுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், சினமும் வரும். மெத்தையில் நகக்கீறல், மரத்தரையில் சிறுநீர் வாடை, அடுத்து வரும் குடித்தனக்காரருக்கு ஒவ்வாமை என வீட்டுக்காரரின் அச்சங்களும் பொய்யல்ல. வீட்டுக்கடனைச் செலுத்திக்கொண்டிருப்பவர் அவர்.

பிற நாடுகளில் இதற்கு வேறு விடைகள் கண்டிருக்கிறார்கள். நம் உறவினர் பலர் வாழும் டொரோண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாநிலத்தில், 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வரி செல்லாது. பிராணியால் உண்மையில் சேதமோ தொல்லையோ ஏற்பட்டால் வீட்டுக்காரர் முறையிடலாம். கூட்டுரிமை அடுக்குமாடிகளுக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 முதல், மறுக்க விரும்பும் வீட்டுக்காரர்தான் நடுவர்மன்றத்துக்குப் போய்க் காரணம் காட்ட வேண்டும். நம் ஊரில் கேட்க வேண்டியவர் குடித்தனக்காரர். கேட்பதற்கே அஞ்சுபவரும் அவர்தான்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மாணவியின் தந்தை வந்தார். கட்டுரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவரே தொடங்கினார். மகள் எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிவிட்டாளாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இரண்டு மாதம் இருக்கிறது, அப்போது வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்கப்போகிறேன் என்றார். கூடுதலாக ஒரு வைப்புத்தொகை தரவும், சன்னலுக்குத் தம் செலவில் வலை போடவும், வீட்டைக் காலிசெய்யும்போது சுத்தம் செய்து தரவும் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதிய அக்கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் திருத்தினேன். எங்களுக்குப் பூனை கிடையாது, இனிமேல்தான் வாங்கப்போகிறோம் என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடலாமே என்றேன். அவர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதை எடுத்தால் இவ்வளவு நாள் மறைத்தது தெரிந்துவிடுமே ஐயா" என்றார்.

மகள் அருகில்தான் நின்றுகொண்டிருந்தாள். தந்தை பேனாவை வாங்கி அந்த வரியைத் தாமே அடித்தார். கடிதம் இன்னும் கொடுக்கப்படவில்லை. அவளுடைய கட்டுரையும் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.