மருத்துவ ஸ்தாபனங்களில் தலைமையும் ஊழியர் ஊக்கமும்

மருத்துவமனைத் தலைவர் ஒருவர் கைக்கொள்ளும் போக்கு, அவர்கீழ்ப் பணிபுரியும் வைத்தியர், தாதியர், ஏனைய சிப்பந்திகள் ஆகியோரின் உற்சாகத்தையும் சிரத்தையையும் எவ்வளவு ஆழமாகப் பாதிக்கிறது என்பதை நிர்வாக இயலார் பலவாறு ஆராய்ந்துள்ளனர். நல்ல தலைமையுள்ள தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறையாமல், ஏட்டில் கூடுதலாகவே பதிவாகியிருக்கக் கண்ட அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், அங்கே பிழையைச் சொல்ல அஞ்சுவார் இல்லை என்பதே அதன் காரணம் என்று 1996-இல் விளக்கினார்.

இவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்னரே, வேலூரில் இதற்குப் பிரத்தியட்சமான உதாரணம் ஒன்று உருவாயிற்று. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த மருத்துவர் ஐடா ஸ்கடர், 1900-இல் ஒரே கட்டிலோடு சிகிச்சையை ஆரம்பித்து, 1909-இல் தாதியர் பள்ளியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண்களால் இப்படிப்பு இயலுமா என்று மாகாணத்து மருத்துவ அதிகாரிகளே ஐயுற்றிருந்த அந்நாளில், தாமே பாடம் சொல்லி, தாமே கத்தி பிடித்து, முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டாரிலுமாகக் கிராமச் சாலைகளில் சென்று, மரத்தடியில் காத்திருந்தோரின் புண்ணைக் கழுவிக் கட்டும் வேலையிலும் மாணவியரோடு ஒருவராக அவர் நின்றார். முதல் வகுப்பினர் 14 பேர் 1922-இல் தேறி வெளிவந்தனர். சுற்றறிக்கை எத்தனை அனுப்பினாலும் இந்த ஊக்கம் பிறந்திராது என்றே தோன்றுகிறது.

ஆயினும், சேவை என்னும் பெயரைச் சொல்லி ஊதியக் குறைவையும் ஓய்வில்லாத இரவுப் பணியையும் மறைக்கும் தலைவர்களும் உண்டு. அத்தகையோரிடமிருந்து தாதியர் விலகிச் செல்வதை நன்றியின்மை என்று கொள்வதற்கில்லை.

ஒருவரின் ஆளுமையையே நம்பி வளரும் ஸ்தாபனத்துக்கு வேறோர் அபாயமும் உண்டு. 1930-களின் இறுதியில் அரசாங்கம் எல்.எம்.பி. என்னும் மருத்துவ உரிமப் படிப்பைக் கைவிட்டுப் பட்டத் தரத்தை வற்புறுத்தியபோது வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலையை எய்தியது. பல திருச்சபைகளின் உதவியால் அது கல்லூரியாக உயர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. நிர்வாகப் பொறுப்பும் பிறர் கைக்கு மாறி, அதன் முதல் இந்தியத் தலைவராக ஹில்டா லாசரஸ் அம்மையார் பதவியேற்றார். ஐடா ஸ்கடர் 1960-இல் கோடைக்கானலில் காலமானார்.