டிரைவருக்கு எழுதிய பலகைகள்

பரங்கிப்பேட்டைக்கு வரும் சரித்திர ஆர்வலர்கள் 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய இடம் எது என்று கேட்பார்கள். இன்னும் விவரமானவர்கள் ஹீத் துரையின் இரும்பாலையை விசாரிப்பார்கள். தண்டவாள ஓரத்து மஞ்சள் பலகைகளைப் பார்க்க யாரும் வருவதில்லை. நான் கீமேன் மகள். எனக்கு ஊர் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் சௌத் இந்தியன் ரயில்வே இங்கே மீட்டர்கேஜ் பாதை போட்டது. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சாவூர். பின்னாளில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு கார்டு லைன் வந்ததும் வேகமான வண்டிகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. மெயின் லைன் என்ற பெயர் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

அப்பா தினமும் விடியலில் தன் பீட்டில் நடக்கத் தொடங்குவார். ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீ கழன்றிருந்தால் சுத்தியலால் அடித்து ஏற்றுவார், போல்ட்டை முறுக்குவார். தோளில் ஸ்பேனரும், சிவப்பு பச்சைக் கொடிகளும், ஒரு தகர டப்பாவில் டெட்டனேட்டரும் இருக்கும். அதைப் பட்டாசு என்பார்கள். பள்ளி விடுமுறையில் கொஞ்ச தூரம் கூடவே போவேன். W/L என்று எழுதிய பலகையைக் காட்டி, "இது உனக்காகவாப்பா?" என்று கேட்டேன். "எல்லா போர்டும் டிரைவருக்குத்தான் பாப்பா. நமக்குக் காதுதான் போர்டு" என்றார்.

அவர் சொன்னது சரி. W/L பலகை லெவல் கிராசிங்குக்கு 600 மீட்டர் முன்னால் நின்றுகொண்டு, 'விசில் அடி' என்கிறது. பாதையில் வேலை நடந்தால் முதலில் மீன்வால் வெட்டிய மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, அப்புறம் வேகத்தை எழுதிய முக்கோணம், வேலையிடம் தாண்டியதும் T/P, T/G என்ற வட்டங்கள். பயணி வண்டி ஒன்றில், சரக்கு வண்டி மற்றதில் பழைய வேகத்தைப் பிடிக்கலாம். குனிந்து ஜல்லி கொத்தும் கேங்மேனிடம் இவற்றில் ஒன்றுகூடப் பேசாது. அவனுக்கும் வண்டிக்கும் நடுவே இருப்பது தூரம் மட்டும்தான்.

அந்தத் தூரத்தை உண்டாக்குவதும் அவனுடைய கால்கள்தான். தண்டவாளம் முறிந்து கிடந்தால் கீமேன் கொடியைப் பிடித்துக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். மீட்டர்கேஜில் 400 மீட்டரில் ஒரு பட்டாசு, 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. முழுத் தூரமும் போய்ச் சேருவதற்குள் வண்டி வந்துவிட்டால் பாதி வழியில் வைத்த ஒன்றாவது வெடிக்குமே! சக்கரம் ஏறியதும் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு எந்த டிரைவரும் பிரேக் போட்டாக வேண்டும். பனிமூட்டத்தில் சிக்னல் தெரியாமல் தவித்த இங்கிலாந்தில், 1841-இல் எட்வர்ட் கௌப்பர் என்ற பொறியாளர் கண்டுபிடித்த பொருள் இது. நூறாண்டு கழித்தும் அப்பாவின் தோளில் அது தொங்கியது. கொடி இல்லையென்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும்; அதுவும் சட்டப்படி சிவப்புதான்.

2010-இல் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை அகலப்பாதையாகத் திறந்தது. ஊரே ரயிலடிக்குத் திரண்டு போனது. விதிப்புத்தகத்தில் 400 இருந்த இடத்தில் 600, 800 இருந்த இடத்தில் 1200 வந்ததை யார் கவனித்தார்கள்? வண்டி கனமாயிற்று, வேகம் கூடிற்று, நிற்க அதிகத் தூரம் வேண்டும். கணக்கு நியாயம்தான். ஆனால் ஓடுகிறவனின் கால் பழைய கால். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 1200 மீட்டரை நாற்பது வினாடிக்குள் தாண்டிவிடும்.

மற்ற நாடுகளில் வேலைக்காரனையும் பார்த்துப் பேசும் பலகை உண்டா என்று ஓய்வுபெற்ற பிறகு தேடிப் படித்தேன். பிரிட்டனில் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை: வண்டி கடக்கும்போது இங்கே ஒதுங்க இடம் போதாது, வராதே என்று அர்த்தம். நீலமும் வெள்ளையுமான கட்டம் என்றால், இந்தப் பக்கம் ஒதுங்கு குழி கிடையாது. பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையும் அங்கே 1964-இல் ஸ்காட்லாந்துப் பாதைகளில் சோதித்துப் பார்த்ததுதான். ஜெர்மனியில் காவலாள் ஊதும் கொம்புக்கே தனித்தனி ஓசை வைத்திருக்கிறார்கள்: பக்கத்துப் பாதையில் வண்டி, விலகு, உடனே ஓடு என்று மூன்று. இரட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுங்கி இன்னொரு வண்டியில் அடிபடுகிறவர்கள் அதிகம் என்பதால் முதல் ஓசையின் அருமை புரிகிறது. எங்களுடையது ஒற்றைப் பாதை. அந்த ஆபத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1997 முதல் விதி வேறு: வண்டி வந்து சேர 15 வினாடிக்கு முன்பே ஆள் பாதையை விட்டு விலகி நின்றிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வேலைக்காரனுக்கென்று இருப்பவற்றைத் தேடினால் வெள்ளாற்றுப் பாலத்துக்குத்தான் போக வேண்டும். நீண்ட கர்டர் பாலங்களில் இடையிடையே ஓரமாக நீட்டியிருக்கும் சிறு மேடைகள் டிராலியையும் ஆளையும் ஒதுக்கிவைக்க. தூண்களில் சிவப்புப் பட்டை தீட்டியிருந்தால் அது அபாய மட்டம். ஐப்பசி கார்த்திகையில் இரவெல்லாம் பாதையில் நடக்கும் மழைக்காலக் காவலாளி லாந்தரைத் தாழ்த்தி முதலில் பார்ப்பது அதைத்தான். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த பிறகு, அந்தப் பட்டையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டாகப் பேசியதில்லை.

ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012-இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் பணியிலிருந்த ரயில்வே ஊழியர்கள் ஏறத்தாழ 1,600 பேர் இறந்திருக்கிறார்கள். அதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்தவர்களைவிட இது அதிகம். ரயில் விபத்து முதல் பக்கச் செய்தி ஆகும். கேங்மேன் அடிபட்டால் உள்ளூர்ப் பதிப்பில் நான்கு வரி.

இப்போது 'ரக்ஷக்' என்ற கைக்கருவியைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்டதும் அது கூவும். நல்லதுதான். ஆனால் வேல்ஸ் நாட்டில் மார்கம் என்ற இடத்தில் 2019 ஜூலையில் இரண்டு தொழிலாளர்கள் அடிபட்டு இறந்தபின், பிரிட்டன் எடுத்த முடிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது: வெறும் காவலாளை நம்பி ஓடும் பாதையில் வேலை வேண்டாம், வண்டியை நிறுத்திவிட்டு வேலை செய்யட்டும். கார்டு லைனில் அவ்வளவு வண்டிகளுக்கு நடுவே அது கஷ்டம் என்று அதிகாரிகள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மெயின் லைனில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே பாதையை மூடி வேலைக்கு பிளாக் கொடுக்க நேரமா இல்லை?