பொறித்தாங்கி

பொறித்தாங்கி அல்லது எஞ்சின் ஸ்டாண்ட் என்பது தானுந்திலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட பொறியைத் தரைக்கு மேலே பிடித்து, வேண்டிய கோணத்திற்குத் திருப்பிக்கொள்ள உதவும் ஒரு பட்டறைக் கருவியாகும். பொறியைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் மீண்டும் பூட்டவும் இது பயன்படுகிறது. பெரும்பாலான தாங்கிகளில் பொறியின் முழு எடையும் அதன் ஒரு முனையில் உள்ள நான்கு போல்ட்களை மட்டுமே சார்ந்து நிற்கிறது. அவற்றுள் ஒன்று பிடியிழந்தாலும் பொறி விழுந்து கடும் காயம் ஏற்படலாம் என்பதால், சரியாகப் பொருத்தும் முறை இக்கருவியின் பயன்பாட்டில் முதன்மையானது.

அமைப்பு

பொறித்தாங்கி சக்கரங்கள் உள்ள அடிச்சட்டம், செங்குத்துத் தூண், தூணின் உச்சியில் உள்ள குழலுக்குள் சுழலும் தலைத்தட்டு ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டது. தலைத்தட்டில் நகர்த்தி அமைக்கக்கூடிய நான்கு கைகள் உள்ளன. இவற்றின் நுனிகள், கியர்பெட்டி பொருந்தும் பின்முனையில் உள்ள துளைகளுடன் போல்ட்களால் இணைக்கப்படும். தலைத்தட்டைக் குறித்த கோணத்தில் நிறுத்துவதற்குப் பூட்டு ஊசி உண்டு.

மூன்று சக்கரத் தாங்கிகள் பக்கவாட்டில் எளிதாகச் சாயக்கூடியவை. அகன்ற அடிச்சட்டமும் நான்கு சக்கரங்களும் உள்ளவை உறுதியானவை. பொறியின் ஈர்ப்பு மையம் எப்போதும் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பிற்குள் அமைய வேண்டும்.

போல்ட்களின் மீதான விசை

100 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறு பொறியின் ஈர்ப்பு மையம் தலைத்தட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், அது தலைத்தட்டில் ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனை உண்டாக்கும். மேல் போல்ட்களுக்கும் கீழ் போல்ட்களுக்கும் இடையே 20 செ.மீ. இருப்பின், மேல் இரண்டு போல்ட்களையும் சேர்த்து இழுக்கும் விசை ஏறத்தாழ 1470 நியூட்டன் ஆகும். இது 150 கிலோகிராம் எடைக்கு, அதாவது பொறியின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சமம். இடைவெளி 10 செ.மீ. ஆகக் குறைந்தால் இவ்விசை இரு மடங்காகும். ஆகவே, ஒன்றுக்கொன்று இயன்றவரை தொலைவில் உள்ள துளைகளைத் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.

கைகளுக்கும் பொறிக்கும் இடையே நீளமான இடைக்குழல்களை வைத்தால் போல்ட்கள் வளையும் வாய்ப்பு மிகும். எனவே தலைத்தட்டைப் பொறிக்கு இயன்றவரை அருகில் அமைக்க வேண்டும்.

போல்ட்களும் மரைகளும்

இழுவிசையைத் தாங்குவதற்கு 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தர எண் பொறித்த போல்ட்கள் ஏற்றவை. 8.8 என்பதில் முதல் எண் 800 மெகாபாஸ்கல் இழுவலிமையையும், இரண்டாவது எண் அதன் 80 விழுக்காட்டில் போல்ட் நிலையாக நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கும்.

போல்ட் மரைக்குள் செல்லும் ஆழமும் அதே அளவு இன்றியமையாதது. வார்ப்பிரும்பில் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், அலுமினியத்தில் இரு மடங்கும் மரை பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. இதன்படி 8 மி.மீ. போல்ட் வார்ப்பிரும்பில் 12 மி.மீ., அலுமினியத்தில் 16 மி.மீ. ஆழம் செல்ல வேண்டும். அளவுக்கு மீறி நீண்ட போல்ட் துளையின் அடியை முட்டி நின்றுவிடும். அப்போது இறுகியது போலத் தோன்றினாலும் கை பொறியோடு அழுந்தியிராது.

பழைய பிரித்தானியத் தானுந்துகளில் அங்குல அளவு மரைகள் உள்ளன. 5/16 அங்குல யூஎன்எஃப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. ஆதலால் அது 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டைப் போலவே தோன்றும். ஆனால் முன்னதன் மரை இடைவெளி 1.06 மி.மீ., பின்னதன் வழக்கமான மரை இடைவெளி 1.25 மி.மீ. ஒன்றின் துளையில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால் மரை அழிந்துவிடும்.

எடுத்துக்காட்டு: ஏ-வரிசைப் பொறி

1951ஆம் ஆண்டில் ஆஸ்டின் ஏ30 தானுந்தில் 803 க.செ.மீ. கொள்ளளவுடன் அறிமுகமான ஏ-வரிசைப் பொறி, பின்னர் மொரிஸ் மைனர், மினி முதலிய தானுந்துகளிலும் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தி முடிவுற்றதுடன் இதன் உற்பத்தியும் நின்றது. இது வார்ப்பிரும்பாலான நான்கு உருளைப் பொறியாகும்.

மொரிஸ் மைனரில் இப்பொறியின் பின்முனையில் ஓர் உருக்குத் தகடும் அதன்மேல் கியர்பெட்டியும் பொருத்தப்பட்டுள்ளன. முழுமையாகப் பிரிக்கும்போது இத்தகட்டையும் கழற்ற வேண்டியிருப்பதால், தாங்கியின் கைகளைப் பொறியின் உடலில் உள்ள மரைத்துளைகளுடனேயே இணைப்பது நல்லது. மினியில் பொறி குறுக்காக அமைந்து, கியர்பெட்டி அதன் அடியில் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே கியர்பெட்டியையும் ஃபிளைவீல் உறையையும் பிரித்த பின்னரே பொறியின் முனையைத் தாங்கியில் பொருத்த இயலும்.

பொறியைத் தலைகீழாகத் திருப்பும் வசதி இங்கு மிகவும் பயன்படுகிறது. பிற்கால 1275 க.செ.மீ. வகைகளில் டாப்பெட்களை எடுப்பதற்கான பக்க மூடிகள் இல்லை. பொறியைக் கவிழ்த்தால் டாப்பெட்கள் கேம் தண்டிலிருந்து விலகி விழும். அதன் பின்னரே கேம் தண்டை உருவ முடியும்.

பொருத்தும் முறை

# எண்ணெயையும் குளிர்விப்பு நீரையும் வடித்து, கிளட்ச், ஃபிளைவீல் ஆகியவற்றைக் கழற்றுதல்.
# பொறியைச் சங்கிலியால் பிணைத்துத் தூக்கியில் தொங்கவிடுதல்.
# தலைத்தட்டைத் தூணிலிருந்து உருவி எடுத்து, நான்கு கைகளையும் பொறியுடன் தளர்வாகப் பூட்டுதல்.
# தலைத்தட்டின் சுழல் அச்சு ஈர்ப்பு மையத்தின் வழியாகவோ அதற்குச் சற்று மேலாகவோ செல்லுமாறு அமைத்த பின் அனைத்தையும் இறுக்குதல்.
# தலைத்தட்டைத் தூணின் குழலுக்குள் செலுத்திப் பூட்டு ஊசியை இடுதல்.
# தூக்கியை மெல்லத் தாழ்த்தி, எடை முழுவதும் தாங்கிக்கு மாறி எதுவும் அசையவில்லை என உறுதி செய்த பின்னரே சங்கிலியை அவிழ்த்தல்.

திருப்பும்போது கவனிக்க வேண்டியவை

ஈர்ப்பு மையம் சுழல் அச்சிலிருந்து 5 செ.மீ. விலகியிருந்தாலும், 100 கிலோகிராம் பொறி ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துடன் தானே சுழல முயலும். 30 செ.மீ. நீளக் கைப்பிடியில் இதனைத் தடுக்க 17 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தேவைப்படும். எனவே கைப்பிடியை உறுதியாகப் பற்றிய பின்னரே பூட்டு ஊசியை எடுக்க வேண்டும்.

உருளைத்தலை, எண்ணெய்த் தொட்டி போன்றவற்றைக் கழற்றும்போது ஈர்ப்பு மையம் இடம் மாறும். முதலில் சமநிலையில் நின்ற பொறி பின்னர் திடீரெனச் சுழல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பொறியின் அடியில் கையையோ காலையோ வைக்கலாகாது. நெடுநாள் நிறுத்தி வைக்கும் பொறிக்கு முன்முனையில் மரக்கட்டையால் முட்டுக் கொடுப்பது பாதுகாப்பானது.

பிற சிறு பொறிகள்

போக்சுவாகன் பீட்டிலின் காற்றால் குளிர்விக்கப்படும் பொறி, கியர்பெட்டியுடன் நான்கு இடங்களில் மட்டுமே இணைக்கப்படுகிறது. அதன் உறை மக்னீசிய உலோகக்கலவையால் ஆனதால் மரைகள் மென்மையானவை. இத்தகைய பொறிகளுக்கு, ஃபிளைவீலைச் சுற்றி வளைந்து நிற்கும் தனிவகைப் பிடிசட்டங்கள் பயன்படுத்தப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* ஈர்ப்பு மையம்
* திருப்புத்திறன்
* மொரிஸ் மைனர்