செராம்பூர்ப் பட்டமும் தமிழ்ப் போதகரும்

ஊழியத்திற்கு அழைப்பவர் தேவன். பட்டத்திற்கு நிபந்தனை விதிப்பதோ மனிதர் கூடிய ஒரு மன்றம். இவ்விரண்டும் எங்ஙனம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன என்பதை இறையியல் மாணவர் பெரும்பாலும் ஆராய்வதில்லை. பாடத்திட்டம் அச்சில் கைக்கு வருகிறது. அதுவே ஆதிமுதல் இருந்ததுபோல் தோன்றுகிறது.

உண்மை அதுவன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி எவருக்கும் பட்டம் வழங்கவில்லை. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், உபதேசியாராக உழைத்துத் தம் சபையாரால் அறியப்பட்டவர். அந்நாளில் சான்றிதழ் என்பது ஒருவனைக் குறித்துச் சபை கூறும் சாட்சியே.

தரங்கம்பாடியை ஆண்ட அதே டேனிஷ் அரசமரபே பிற்காலத்தில் பட்டமளிக்கும் உரிமையையும் தந்தது. 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் நிறுவிய செராம்பூர்க் கல்லூரிக்கு ஆறாம் பிரெடெரிக் மன்னர் 1827இல் சாசனம் வழங்கினார். 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒருசேர ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் அவ்வுரிமை காக்கப்பட்டது. ஆயினும் இறையியல் பட்டத்தைப் பொறுத்தமட்டில் அது நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் முதலானவை அரசின் சமய நடுநிலைக் கொள்கை காரணமாக இறையியலுக்கு இடந்தரவில்லை. எனவே நம் கிறிஸ்தவ இளைஞர் வரலாறும் தத்துவமும் பயின்று பி.ஏ. ஆகலாம், வேதத்தைப் பயின்று பட்டதாரியாக வழியில்லை.

ஜார்ஜ் ஹவல்ஸ் முதல்வராயிருந்த காலத்தில், 1910இல், செராம்பூரில் இறையியல் உயர்கல்வி புத்துயிர் பெற்றது. 1915இல் முதல் பி.டி. பட்டங்கள் அளிக்கப்பட்டன. 1918ஆம் ஆண்டுச் சட்டம் பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் அமரும் செனட்டை அமைத்தது. சேர்க்கைத் தகுதி, பாடங்கள், தேர்வு ஆகியவற்றை வரையறுக்கும் பொறுப்பு அதனிடம் வந்தது. ஒரு சபை மற்றொரு சபையின் போதகரை ஏற்க இதனால் பொது அளவுகோல் கிடைத்தது. இது சிறு நன்மையன்று.

ஆனால் அளவுகோலுக்கு மொழி ஒன்று உண்டு. பி.டி. ஆங்கிலத்தில், பட்டதாரிகளுக்கென அமைந்தது. கீழ்நிலைப் படிப்புகள் பள்ளிக்கல்வியோடு நின்றோருக்கு. செங்கற்பட்டுச் சீமையை எண்ணிப் பாருங்கள். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களிடையே உழைத்த பகுதி அது. அத்தகைய சேரிச் சபைகளில் எழும்பும் இளைஞன் எந்தப் படிவழியே பி.டி. வகுப்பை எட்டுவான்? நகரச் சபைக்குப் பட்டதாரி, கிராமச் சபைக்குச் சான்றிதழ்க்காரர் என்னும் ஏற்றத்தாழ்வு இங்ஙனம் வேரூன்றிற்று. நிபந்தனை வகுத்தோர் இதை நாடவில்லை. எனினும் விளைவு அதுவே.

அதே மாவட்டத்தில் அந்நாள் அடங்கியிருந்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 டிசம்பரில் அகில உலக மிஷனெரி மன்றம் கூடியது. இளைய திருச்சபைகளின் ஊழியர் பயிற்சி மிகவும் குறைபாடுடையது என அம்மாநாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சார்லஸ் ரேன்சன் இந்தியாவில் நடத்திய விரிவான ஆய்வு அதன் தொடர்ச்சியே.

தமிழுக்கு உரிய இடம் வர மேலும் காலம் சென்றது. 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாயிற்று. தமிழிலேயே பயின்று பி.டி. பெறும் வழி அங்கே திறந்தது. மொழிமாற்றம் மட்டும் நிகழ்ந்ததாகக் கொள்ளலாகாது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவற்றைத் தமிழில் எழுதுகையில், புரியாதது எது என்பது உடனே வெளிப்பட்டுவிடும். (ஆசிரியருக்கும் இது பொருந்தும்.)

மற்றொன்று கூறவேண்டும். நம் கலைக்கல்லூரிகளில் மாணவர் சேரும்போதே முதன்மைப் பாடத்தைத் தெரிந்துகொள்வர். பி.டி.யில் அங்ஙனமில்லை, வேதாகமம், திருச்சபை வரலாறு, இறைக்கோட்பாடு, சமயங்கள், போதக ஊழியம் யாவும் அனைவருக்கும் உரியன. எம்.டி.எச். நிலையிலேயே துறை பிரிகிறது. பழைய ஏற்பாட்டை நாடுவோர் எபிரேயமும், புதிய ஏற்பாட்டை நாடுவோர் கிரேக்கமும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு நியாயமானதே. கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, திருவிடந்தைக் கரையோரத்தில் ஊழியஞ்செய்யும் போதகரிடம் மீனவர் வீட்டுத் துக்கமும் வருகிறது, ஆலயத் திருவிழாவுக்கு வந்த அயலாரின் கேள்வியும் வருகிறது; இது என் துறையன்று என அவர் கூற இயலாது.